பால் பெட்டிக்கு அடியில் இருந்த அகராதி

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா லூர்தம்மாளுக்கு,

உன் முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. சாமியார் சிகாமட்டிலிருந்து காலை ரயிலில் பெக்கோக் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் பதினேழு பேர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பூசை ஒன்றும் புரியாத அந்தக் கூட்டம் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நீ அதட்டியபோதுகூட அப்படி உட்கார்ந்ததில்லை.

சாமியார் உன் பெயரைச் சொன்னதும், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற முனியம்மா என் பக்கம் குனிந்து கேட்டாள்: "ஆயாம்மா பேரு லூர்தம்மாளா ஐயா? இத்தன வருசமா கிராணியார் அக்கான்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தோம்." நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஒன்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் அவர்களுடைய பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டியிருக்கிறாய். உன் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. உனக்கு மட்டும் எழுதி உன் பெட்டிக்குள் வைத்தால் அது இன்னொரு ஒளித்துவைப்பாகப் போய்விடும். அதனால் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். சாப்பாட்டுக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் காது கொடுத்துக் கேட்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு முதலில் உன்னைச் சொல்ல வேண்டும். அப்பா ரயில் பாதையில் வேலை பார்த்தவர். நீ பட்டணத்துக் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தாய். அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. பள்ளியிலிருந்து உன்னைக் கூட்டிவந்து அடுப்படியில் விட்டார்கள், என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வரும்போது நீ கொண்டுவந்தது பரிசாகக் கிடைத்த ஒரு இங்கிலீஷ் அகராதி. அதன் முதுகு கிழிந்தபோது பழைய சட்டைத் துணியை ஒட்டி அட்டை போட்டாய். அது என் சட்டைதான்.

பிறகு அப்பாவும் போனார். நான் படித்துத் தேறி இந்த ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஆனேன். நீ கல்யாணம் வேண்டாமென்று என்னோடு வந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் சேர்ந்தாய். வேண்டாம் என்று நீயே சொன்னாயா, நான் கேட்கவே இல்லையா? இப்போது யோசித்துப் பார்த்தால் கேட்ட ஞாபகம் இல்லை.

தோட்டத்துத் துரை படித்து முடித்த இங்கிலீஷ் பத்திரிகை, இரண்டு நாள் பழையதாகி ஆபீசுக்கு வரும். அதில் வாரம் ஒரு சொற்போட்டி. மூன்று எழுத்து கொடுப்பார்கள். அந்த மூன்றும் எந்த இடத்திலாவது வருகிற சொற்களைத் திரட்டி அர்த்தத்தோடு அனுப்ப வேண்டும். எல்லோரும் அறிந்த சொல் பத்து, எவரும் அறியாத சொல் பத்து. பரிசென்று எதுவும் கிடையாது, ஜெயித்தவர் பெயரை அச்சில் போடுவார்கள், அவ்வளவுதான். நான் அந்தப் பத்திரிகையில் மீன் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ மீனை எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டு, நனைந்த தாளைக் கொடியில் காயவைத்துப் படித்தாய்.

அந்த வாரத்து எழுத்துகள் எல், டி, எக்ஸ். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே நீ அகராதியைப் புரட்டினாய். "தம்பி, மொதல் வார்த்த நம்ம மரத்துலயே இருக்கு பாரு" என்று சிரித்தாய். லேடெக்ஸ், ரப்பர் மரத்துப் பால். அப்புறம் டெக்ஸ்டைல், நெய்த துணி. எக்ஸால்ட், ஒருவரை உயர்த்தி வைப்பது. எக்ஸல்ட், ஆனந்தத்தில் துள்ளுவது. எக்ஸ்டால், வாயாரப் புகழ்வது. இவையெல்லாம் நாலு பேருக்குத் தெரிந்தவை.

தெரியாத சொற்களில்தான் உனக்கு ருசி. லக்ஸேட் என்றால் எலும்பைப் பூட்டிலிருந்து நழுவச் செய்வது. அந்த வாரமே லயத்துச் செல்லாயி மகன் தூளியிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. நீ அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக்காரரிடம் ஓடும்போது, "இதான் தம்பி லக்ஸேட்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடினாய். பையன் அலறுகிறான், உனக்கு வார்த்தை கிடைத்த சந்தோஷம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீ அழகாக எழுதிய பட்டியலை நான் என் கையெழுத்தில் பிரதி எடுத்து, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். பெண்பிள்ளை பெயர் பத்திரிகையில் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றேன். நீ சரி என்றாய்.

பட்டியல் ஜெயித்தது. என் பெயர் வந்தது. ஆக்ஸலாட்டில் என்ற சொல்லைத் தனியாகப் பாராட்டி ஒரு வரியும் வந்தது. துரை என்னை அறைக்குள் கூப்பிட்டு, முதன்முறையாக உட்காரச் சொன்னார். இந்தப் பிராணியை எங்கே பிடித்தாய் என்று கேட்டார். வாசிப்பில் பிடித்தேன் என்றேன். அது நாலு காலா, இரண்டு காலா என்றுகூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டேன். நீ அரிசி களைந்துகொண்டே சொன்னாய்: "அது தண்ணியிலயே கெடக்குமாம் தம்பி. எம்புட்டு வளந்தாலும் குஞ்சு மாதிரியேதான் இருக்குமாம். கரைக்கு வரவே வராதாம்." மறுநாள் துரையிடம் அதை அப்படியே இங்கிலீஷில் ஒப்பித்தேன். அவர் மெச்சிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ரப்பர் விலை விழுந்தது. லயம் லயமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஆபீசில் நாங்கள் மூன்று கிராணிகள். ஒருவரை வைத்துக்கொண்டு இருவரை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மற்ற இருவரும் என்னைவிட வேலையில் மூத்தவர்கள். என் பக்கம் இருந்தது துரையின் அந்த மெச்சுதல் ஒன்றுதான்.

அடுத்த வாரம் துரையும், சீமையிலிருந்து புதிதாக வந்த துரைசாணியும் ஆயாக் கொட்டகையைப் பார்க்க வந்தார்கள். துரைக்குத் தெரிந்த தமிழ், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்துக்குத்தான் காணும்: வா, போ, சீக்கிரம், நாளைக்கு. துரைசாணிக்கு அதுவும் இல்லை. பேச்சை மொழி மாற்றிச் சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீ இடுப்பில் ஒரு பிள்ளையோடு எழுந்து நின்றாய். தூளிக்குக் கீழே, விரித்தபடி கிடந்தது அகராதி. பக்கத்தில் பென்சில்.

துரைசாணி அதைக் குனிந்து எடுத்தார். முகம் மலர்ந்து, இந்தப் பெண் இங்கிலீஷ் படிப்பாளா என்று என்னைக் கேட்டார். அக்கா, அவர் உன்னையே கேட்டிருந்தால் நீயே பதில் சொல்லியிருப்பாய். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் உனக்குப் புரிந்தது. உன் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். துரை என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டியல் யாருடையது என்று அவர் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இல்லை அம்மா. இவள் என் சகோதரி. எழுத்து வாசனையே இல்லாதவள். புத்தகம் என்னுடையது, பிள்ளைகள் கிழித்து விளையாட எடுத்து வந்திருப்பாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். தடுமாறவில்லை. நான் அவ்வளவு சரளமாக இங்கிலீஷ் பேசிய நாள் வேறு கிடையாது.

நீ என்னைப் பார்க்கவில்லை. துரைசாணி திருப்பி நீட்டிய அகராதியை இரண்டு கையாலும் வாங்கினாய். மூலையில் பிள்ளைகளுடைய பால் டின் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நீ அதன் ஒரு முனையைத் தூக்கி, அகராதியை அடியில் முட்டுக் கொடுத்து வைத்தாய். படிக்கத் தெரியாத பெண் புத்தகத்தை அப்படித்தானே வைத்துக்கொள்வாள். துரை சிரித்துவிட்டார். துரைசாணியும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், அக்கா. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் முகம் எனக்கே பிடிப்பதில்லை.

இதோடு விட்டேனா? போகும்போது துரை, அடுத்த வாரம் சுகாதார அதிகாரி வருகிறார், கொட்டகைக் கணக்குப் புத்தகங்களை எடுத்து வை என்றார். மாதாமாதம் பால் டின் வாங்கியதற்கு நீ அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாய். கன்னியாஸ்திரிகள் பழக்கிய, சாய்ந்த, வளைவு வளைவான இங்கிலீஷ் கையெழுத்து. ஐந்து வருஷத்துக் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு புதுப் புத்தகத்தையும் மைத் தட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய பக்கங்களை வரி வரியாகப் புதிதில் எழுதினேன். எழுதி முடித்து உன்னைக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மைத் தட்டின் மூடியைத் திறந்து உன் முன்னால் தள்ளினேன். நீ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

"எந்த வெரல் தம்பி?" என்று கேட்டாய்.

எந்த விரல் என்று உனக்குத் தெரியாதா? லயத்து ஜனங்கள் ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்று ரேகை வைப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறாய். அவர்களில் ஒருத்தியாக என் முன்னால் உட்கார்ந்து கேட்டாய். நானும் அவர்களுக்குச் செய்வதுபோலவே உன் இடது பெருவிரலைப் பிடித்து, மையில் உருட்டி, தாளில் அழுத்தினேன். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று. பாதியில் நான் கோணலாக அழுத்தி ஒரு ரேகை கலைந்துவிட்டது. "நீ விடு, நானே வெக்கிறேன்" என்று மீதியை நீயே வைத்தாய். எல்லாம் நேர்கோட்டில், அவ்வளவு ஒழுங்காக.

அப்புறம் பழைய புத்தகத்தை என்ன செய்வாய் என்று கேட்டாய். எரிக்க வேண்டும் என்றேன். நீயே வாங்கி அடுப்பில் வைத்து, அந்தத் தீயில் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாய். நான் குடித்தேன்.

அதிகாரி வந்தார், புரட்டினார், போனார். மற்ற கிராணிகள் இருவரையும் நிறுத்தினார்கள். நான் பெரிய கிராணி ஆனேன். புது வீட்டில் உனக்கென்று தனி அறை கிடைத்தது என்று பெருமையாகச் சொன்னேன். நீ நல்லது என்றாய். அன்று முதல் கொட்டகைப் புத்தகத்தில் ரேகைதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில், கூட்டுறவுக் கடையில், எங்கே கேட்டாலும் கட்டைவிரலை நீட்டினாய். ஒரு தரம்கூட மறந்து பேனாவை எடுக்கவில்லை.

போட்டியை நிறுத்தியிருக்கலாம். "என்ன கிராணி, இந்த வாரம் பெயரைக் காணோமே" என்று துரை கேட்பார் என்று பயம். வெட்கமில்லாமல் உன்னிடம் வந்து புது எழுத்துகளைச் சொன்னேன். ஒரு நாள் கொட்டகைப் பக்கம் போனவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ பால் பெட்டியைத் தூக்கி அகராதியை எடுத்தாய். ஒரு பக்கம் பார்த்தாய், தாளில் குறித்தாய், மறுபடி பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாய். ஒரு சொல்லுக்கு ஒரு தரம். யாராவது வந்துவிட்டால் என் பொய் உடைந்துவிடக்கூடாது என்று. உள்ளே வந்து, வேண்டாம் அக்கா என்று சொல்ல எனக்கு எத்தனை அடி தூரம் இருந்தது? பத்து அடி இருக்குமா? நான் திரும்பி ஆபீசுக்குப் போய்விட்டேன்.

உனக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. மருந்துக்காரர் லாரியில் ஏற்றிச் சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் கூட வரவில்லை. கம்பெனி ஏஜெண்டு பார்வையிட வந்திருந்தார், பெரிய கிராணி ஆபீசில் இருக்க வேண்டும். லாரியில் நீ சாக்கை விரித்துப் படுத்திருந்தாய். "அந்த டிக்சனரிய எடுத்துக் குடுக்கிறியா, சும்மா படுத்துக் கெடந்தா பொழுது போவாது" என்று மெதுவாகக் கேட்டாய். பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துவந்து, யாரும் பார்க்காதபடி ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தேன். அப்போதும் சுற்றித்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள்தான் ரயில் ஏறி வந்தேன். உனக்கு நினைவு தப்பியிருந்தது. ஊசி போட ஒப்புதல் தாள் வேண்டும் என்று தமிழ் நர்ஸ் ஒருவர் வந்தார். என் வாய் பழக்கத்தில் தானாகப் பேசியது: "அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதும்மா. ரேகைதான். மைத் தட்டு இருக்கா?"

அந்த நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கு? இவங்களுக்கா?" என்றார். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைக் கழற்றி, அதோடு இருந்த தாளைக் காட்டினார். நீ வந்து சேர்ந்த அன்று போட்ட கையெழுத்து. லூர்தம்மாள் என்று முழுப் பெயர், இங்கிலீஷில், அந்த வளைவுகளோடு. நான் அடுப்பில் எரிந்துபோனதாக நினைத்த கையெழுத்து.

"வந்த அன்னிக்கே பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாவோட மருந்துச் சீட்டப் படிச்சுச் சொன்னாங்க லா. நேத்து நெனவு தப்புற வரைக்கும் இந்த வார்டுல எல்லாருக்கும் அவங்கதான் படிச்சுச் சொல்லுவாங்க. நீங்க கூடப்பொறந்தவருன்னு சொல்றீங்க, இதுகூடத் தெரியாதா?" என்றார்.

தெரியாது என்றேன். அங்கேயும் பொய்தான் சொன்னேன், அக்கா. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. நீ கேட்டாயா? கேட்கவில்லை என்றுதான் நினைக்க ஆசைப்படுகிறேன். மறுநாள் விடியும்போது நீ போய்விட்டாய்.

அந்த நர்ஸ் அகராதியைத் துண்டோடு கொண்டுவந்து கொடுத்தார். நடுவே ஒரு தாள் இருந்தது. அந்த வாரத்து எழுத்துகள் கே, என், டபிள்யூ. ட்விங்கிள், நட்சத்திரம் மினுக்குவது. ரிங்கிள், தோலில் விழும் சுருக்கம். அவேக்கன், உறக்கம் கலைப்பது. தெரிந்த சொல் பத்தும் முடித்திருந்தாய். தெரியாததில் நாவெல், தரையோடு படரும் ஒரு களைச்செடி. ட்வாங்கே, சீனத்துப் பச்சைத் தேயிலை வகை. ஸ்விங்க், உடம்பு நோகப் பாடுபடுவது. ஒன்பது வரை வந்து எழுத்து கோணலாகி நின்றுவிட்டது. பத்தாவது இடத்தில் வெறும் எண்தான் இருக்கிறது.

தாளின் தலைப்பில் எப்போதும்போல என் பெயரை எழுதி வைத்திருந்தாய். அவ்வளவு காய்ச்சலிலும் தம்பிக்கு இந்த வாரம் பட்டியல் போகவேண்டும் என்று நினைத்தாயா? உன் பட்டியல்களைப் பிரதி எடுத்த கையோடு ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டவன் நான். உன் கையெழுத்தில் என்னிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

இங்கே செய்தி சொல்கிறேன். கொட்டகைக்குச் செல்லாயியின் தங்கையை ஆயாவாகப் போட்டிருக்கிறார்கள். பால் பெட்டி மறுபடி சாய்ந்து நிற்கிறது. ஒரு பலகைத் துண்டு வெட்டி அடியில் வைத்தேன். அகராதி ஆபீசில் என் மேசைமேல், எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. செல்லாயி மகன் தோளை ஆட்டி ஆட்டிக் காட்டி, ஆயாம்மா எப்போ வருவாங்க என்று கேட்கிறான்.

உன் கல்லறைச் சிலுவையில், அந்தப் பட்டியல் தாளில் உள்ள உன் எழுத்துகளைப் பார்த்து உன் பெயரை அப்படியே செதுக்கச் சொன்னேன். தச்சருக்கு அந்த வளைவுகள் வரவில்லை. மூன்று பலகை வீணாகி நாலாவதில் ஓரளவு வந்திருக்கிறது.

உனக்கு இரண்டு வாக்குக் கொடுக்கிறேன். உன் கடைசிப் பட்டியலில் என் பெயரை அடித்து, உன் பெயரை எழுதி, உன் தாளையே அந்த இங்கிலீஷ் பத்திரிகைக்கு அனுப்புவேன். கெடு தாண்டிவிட்டது, போட மாட்டார்கள். இருந்தாலும் அனுப்புவேன். பத்தாவது இடத்தில் நான் கை வைக்க மாட்டேன்.

அதற்கு முன், திங்கட்கிழமை பிரட்டு முடிந்ததும், அந்தத் தாளையும் ரேகைப் புத்தகத்தையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போகிறேன். துரைசாணியும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போகிறேன். வேலை போகலாம். போனால் போகட்டும் என்று வீரம் பேச எனக்கு யோக்கியதை இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் இருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அது என் வேலைதான். உன் முன்னால் ஒரு தரம் தப்பாகச் சொன்னேன். இந்தத் தரம் நீ கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொல்வேன்.

இப்படிக்கு,
லூர்தம்மாளின் தம்பி